அற்புதம்மாளின் உயரம்

கண் ஆஸ்பத்திரி டாக்டர் மூன்றே மூன்று விஷயங்களைத்தான் சொன்னார்.

"குனியக் கூடாது. ஊதக் கூடாது. புகை படக் கூடாது. புரையை எடுக்கிறது என் வேலை. அதுக்கப்புறம் கண்ணைக் காப்பாத்துறது உங்க வீட்டு வேலை. புரியுதா?"

பாக்கியநாதன் தலையை ஆட்டினார். கல்லூரி ரசாயனக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக அட்டெண்டர் வேலை. படித்தவர்கள் எது சொன்னாலும் ஆட்டிப் பழகிய தலை. பாலக்கரைக்குப் பஸ் வந்து சேரும் வரைக்கும் அந்த மூன்றும் அவருக்குச் சின்ன விஷயமாகத்தான் பட்டன. வீட்டைத் திறந்து, உள்ளே போய், அடுப்படி வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. குனியாமல், ஊதாமல், புகை படாமல் அற்புதம்மாள் அந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்றுகூட இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் அது. ஆறடிக்கு ஐந்தடி இருக்கும் அந்த அடுப்படி. தரையோடு தரையாக ஒரு மண் அடுப்பு, அதை ஒட்டி ஒரு கொடியடுப்பு. இருந்த ஒரே சன்னலையும் விறகு அடைத்துக்கொண்டிருந்தது. சுவரில் கரி எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகி, விரலால் தொட்டால் ஒட்டியது. ஓட்டு இடுக்குகள்தான் புகை போகும் வழி. ஆடிக் காற்றில் அந்த வழியாகத்தான் புகை திரும்பியும் வரும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அற்புதம்மாள் அங்கேதான் குந்தி உட்கார்ந்து சமைத்தாள். மகள் லூர்துராணியை வளர்த்து மணப்பாறையில் கட்டிக்கொடுத்ததும் அங்கிருந்துதான். "செவுத்துல ஒரு ஓட்டையாவது போட்டுக் குடுங்களேன்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பாக்கியநாதன் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. "பாப்போம்" என்பார். ஓடு மாற்றின பிறகு பார்ப்போம், மகள் கல்யாணம் முடியட்டும் பார்ப்போம். போன கிறிஸ்துமசுக்குப் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். அப்போதும் அவர் சிரித்தாரே ஒழிய, கண் என்று தோன்றவில்லை. கோயிலில் எதிரே வந்த சொந்தத் தங்கையை யாரோ என்று அவள் விலகிப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் தங்கை டோரதி லீவு போட்டுவிட்டு அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கஞ்சி மட்டும் வீட்டிலிருந்து வர வேண்டும்.

மறுநாள் காலையில் பாக்கியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தார். ஆறடிக்கு ஒரு விரல் குறைந்த உடம்பு. முழங்கால் காதுக்கு வந்தது. தேங்காய் மட்டையை வைத்தார், கருவேலங் கட்டையை வைத்தார், தீக்குச்சியைக் கிழித்தார். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. ஊதுகுழலை எடுத்து ஊதினார். சாம்பல் பறந்து அவர் முகத்துக்கே வந்தது. இருமிக்கொண்டே எழுந்தவர் மச்சுப் பலகையில் தலையை இடித்துக்கொண்டார். கஞ்சி கொதித்துப் பொங்கியபோது பானையை வெறுங்கையால் பிடித்தார். இரண்டு கையிலும் கொப்புளம்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவருக்குக் கல்லூரிக் கூடத்தின் மூலையில் நிற்கும் கண்ணாடிக் கூண்டு ஞாபகம் வந்தது. நெடியடிக்கும் வாயுக்களை அதற்குள் வைத்துத்தான் பையன்கள் காய்ச்ச வேண்டும். குழாய் மொட்டைமாடிக்கு மேலே போகும். சனிக்கிழமை தவறாமல் அதைத் துடைப்பவர் அவர்தான். எவனாவது கதவைத் திறந்துபோட்டால், "ஏன் தம்பி, நெஞ்சுல புகை அடைச்சா உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சத்தம் போடுவார். எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளுக்காக எத்தனை வருஷமாகப் போட்ட சத்தம். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே கல்லூரியில் பண்டிகை முன்பணம் எழுதிக் கேட்டார். ஆஸ்பத்திரிச் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பாலக்கரை முனையில் காலையில் வேலைக்கு நிற்கும் கொத்தனார் மருதையை அழைத்து வந்து அடுப்படியைக் காட்டினார். மருதையோடு எப்போதும் வேலைக்கு வரும் சித்தாள் பவுனம்மாளும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டே சமைக்கணும் மருதை. புகை வெளிய போவணும். அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள முடியணும். பதினஞ்சாந் தேதி மாதா திருநாள், அதுக்கு முன்னாடி வந்துடுவா."

"சிமிட்டி கிமிட்டின்னு கேக்காதீங்க சார். அது பர்மிட்டு வாங்கறதுக்குள்ள அடுத்த திருநாளே வந்துரும்."

"கேக்கல."

"செங்கல்லு?"

"பின்னால குளிக்கிற மறைப்புச் சுவரு பாதி விழுந்து கிடக்கே."

மருதை போய்க் கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தான். "சத்தம் கெணீர்னு இருக்கு. போதும். சுண்ணாம்பும் மணலும் நான் சொல்லிவிடுறேன். மேல போட ஒரு கல்லுப் பலகை மட்டும் பாருங்க. கடப்பாக்கல்லா இருந்தா தேவலாம்."

கல்லுக்குப் பாக்கியநாதன் போனது காந்தி மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பரக்கத் அலியிடம். இருவரும் ஒரே பெஞ்சில் எட்டாவது வரை படித்தவர்கள்.

"டீக்கடை மேசைக் கல்லு ஒண்ணு கிடக்கு பாக்கியம்" என்றார் அவர். "மூலை போயிடுச்சு. பத்து வருஷத்து டீக்கறை மேலே இருக்கு. அதெல்லாம் தேய்ச்சா போயிடும்."

"என்ன விலை சொல்றே?"

"தங்கச்சி கண்ணுக்கு என்ன விலை நீ சொல்றே? கல்லத் தூக்கு மொதல்ல." பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தார். "மெதுவாப் பேசு. நின்னுக்கிட்டே சமைக்கிற அடுப்புன்னு வீட்டுக்காரி வஹீதா காதுல விழுந்துச்சோ, நாளைக்கே எனக்கும் கொத்தனாரு தேடுற வேலை வந்துடும்."

வேலை தொடங்கியது. மேடை எவ்வளவு உயரம் என்று மருதை கேட்டதற்கு, பாக்கியநாதன் கல்லூரிக் கூடத்து மேசையை நினைத்துத் தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டிவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது சுவர் மூன்றரை அடி எழும்பியிருந்தது. பவுனம்மாள் சுண்ணாம்புச் சட்டியை இறக்காமலேயே நின்று கேட்டாள்.

"ஏங்க, இதுல நின்னு யாரு சமைக்கப் போறது?"

"எங்க வீட்லதான்."

"அவங்க என்ன உசரம்?"

பாக்கியநாதன் கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்தார். அது சரியில்லை என்று பட்டது. தோளுக்கு உயர்த்தினார். அதுவும் அதிகமாகத் தெரிந்தது, மறுபடி இறக்கினார். அந்தக் கை மேலும் கீழும் போவதையே பவுனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி எத்தன வருஷங்க?"

"இருபத்தாறு."

அவள் சட்டியை இறக்கிவைத்தாள். பிறகு மருதையிடம், "நிறுத்துண்ணே" என்றாள். "இது முழங்கை கணக்குங்க. கரண்டி புடிச்சா முழங்கை மடங்கி நிக்கணும், தோளு தூக்கக் கூடாது. தோளத் தூக்கி வேலை செஞ்சா சாயங்காலத்துக்குள்ள கழுத்து விட்டுப்போவும். சட்டி தூக்குறவளுக்குத் தெரியாதா? அவங்க உசரம் என்ன, முழங்கை எங்க வருது, கை எவ்வளவு தூரம் எட்டும், இத மூணையும் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் கட்டிக்கலாம்."

அற்புதம்மாளின் உயரம் தெரிய எந்த வழியும் இல்லை என்பது அன்றைக்குத்தான் பாக்கியநாதனுக்குத் தெரிந்தது. கோயிலில் அவள் பெண்கள் பக்கம், அவர் ஆண்கள் பக்கம். தெருவில் அவள் இரண்டு எட்டுப் பின்னால் வருவாள். வீட்டில் அவர் நிற்கும்போது அவள் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்துப் பார்த்தார். அதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். டோரதியைக் கேட்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு கொழுந்தியாளிடம் போய், உன் அக்கா என்ன உயரம் என்று எந்த முகத்தோடு கேட்பது?

சட்டைப் பையில் ஒரு சணல் நூலைப் போட்டுக்கொண்டு நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அற்புதம்மாள் மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கண்ணுக்கும் கட்டு. தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. கட்டுக்குக் கீழே தெரிந்த முகம் சின்னப் பிள்ளை முகம்போல இருந்தது. காப்பி வாங்கி வரச் சொல்லி டோரதியை அனுப்பினார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன?"

"கஞ்சி."

"தொட்டுக்க?"

"ஊறுகா."

"நாலு நாளா ஊறுகாயா? கையக் கிய்யச் சுட்டுக்கிட்டீங்களா?"

"நல்லாத்தான் இருக்கு" என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டார், அவளுக்குத் தெரியாது என்பதை மறந்து.

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீராயிற்று. தூங்கிவிட்டாள் என்று எண்ணிப் பாக்கியநாதன் நூலை எடுத்தார். குதிகாலில் ஒரு நுனியைப் பிடித்து, மேலே படாமல் உச்சந்தலை வரை இழுத்து முடிச்சுப் போட்டார். முழங்கைக்கு ஒரு முடிச்சு. தோளிலிருந்து விரல் நுனி வரை இன்னொன்று. நிமிர்ந்தால், பக்கத்துக் கட்டிலில் முசிறியிலிருந்து வந்திருந்த இருசம்மாள், கட்டுப் போடாத ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியநாதன் அவசரமாக உதட்டில் விரலை வைத்து, சொல்ல வேண்டாம் என்று சைகை காட்டினார். அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மருதை மூன்றரை அடிச் சுவரை முழங்கை அளவுக்கு இடித்து இறக்கிக்கொண்டிருந்தான். பவுனம்மாள் நூலைச் சுவரில் தொங்கவிட்டு முடிச்சைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். டோரதி குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தாள்.

"அத்தான்! அங்க அக்கா சாமியாரக் கூப்பிடச் சொல்லி அழுது. சாவுக்கு முன்னாடி பூசற அவஸ்தை பூசணுமாம்."

பக்கத்தில் நின்றிருந்த பாக்கியநாதன் பதறி முன்னால் வந்தார். "டாக்டரு என்ன சொன்னாரு?"

"டாக்டரு நல்லாருக்குன்னுதான் சொல்றாரு. அக்கா நம்ப மாட்டேங்குது. நாம எல்லாரும் சேந்து மறைக்கிறோமாம். நேத்து நீங்க வந்து தலையிலேருந்து காலு வரைக்கும் நூலு புடிச்சுச் சவப்பெட்டிக்கு அளவு எடுத்துட்டுப் போனீங்களாம். பக்கத்துக் கட்டில் அம்மா கண்ணால பாத்தாங்களாம்!"

மருதை கரண்டியைக் கீழே வைத்தான். பவுனம்மாள் தன் கையில் இருந்த நூலைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

"சங்கிலி லூர்துராணிக்காம்" என்றாள் டோரதி மூச்சிரைக்க. "பட்டுப் புடவை எனக்காம். உங்களுக்கு…"

"எனக்கு என்ன?"

"உங்களுக்குச் சோறாக்க ஆளில்லையேன்னுதான் ராத்திரி பூரா கவலை. நல்ல எடமாப் பாத்து இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கணுமாம். பல்லு எடுப்பா இருந்தாலும் பரவால்ல, கை சுத்தமா இருக்கணும்னு சொல்லுது. உண்மையச் சொல்லுங்க, என்னத்த அளந்தீங்க?"

பாக்கியநாதன் பதில் சொல்ல நிற்கவில்லை. சுண்ணாம்பு தெறித்த வேட்டியோடு அப்படியே புறப்பட்டார். பார்வையாளர் நேரம் இல்லை என்று வாசலில் நர்ஸ் தடுத்தாள். அவர் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷம் என்றாள்.

"அற்புதம்."

"வந்துட்டீங்களா? உக்காருங்க." குரல் நிதானமாக இருந்தது. அழுது முடித்த நிதானம். கையில் செபமாலை சுற்றியிருந்தது. "எங்கிட்ட மறைக்க வேணாங்க. எத்தன நாளுன்னு சொன்னாங்க?"

"பெட்டியில்ல அற்புதம். அடுப்பு."

"என்னது?"

"அடுப்பு கட்டுறேன். நின்னு சமைக்கிற மாதிரி மேடை போட்டு, புகைக்குக் குழாய் வச்சு. நீ வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னுதான் சொல்லல."

"அடுப்பு கட்டுறதுக்கு என்ன எதுக்கு அளக்கணும்?"

பாக்கியநாதன் இருசம்மாள் பக்கம் பார்த்தார். அவள் ஒற்றைக் கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை.

"சித்தாளு உன் உசரம் கேட்டுச்சு. எனக்குத் தெரியல."

அற்புதம்மாள் செபமாலையின் ஒரு மணியை விரலால் தள்ளினாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றாள் பிறகு.

"வெக்கமா இருந்துச்சு. இத்தன வருஷம் கழிச்சு எப்படிக் கேக்குறது?"

அவள் உடம்பு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பயந்து கையைப் பிடித்தார். அழவில்லை. உதட்டைக் கடித்து அடக்க அடக்க, மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. நர்ஸ் ஓடி வந்தாள். "அம்மா, அசையக் கூடாது! தையல் பிரிஞ்சா யாரு பொறுப்பு? நீங்க எழுந்திருங்க சார், சிரிக்க வைக்கவா வந்தீங்க?"

"ஏங்க, வாயில வெரல வச்சுக் காட்டுனீங்களே" என்றாள் இருசம்மாள் தன் பங்குக்கு. "நான் என்னன்னு நெனைக்கிறது?"

சிரிப்பு அடங்கின பிறகு அற்புதம்மாள் கேட்டாள்: "எவ்வளவு இருக்கேன்?"

"நாலடி ஒம்போதரை அங்குலம்."

"அம்புட்டுதானா? அஞ்சடி இருப்பேன்னுல்ல நெனச்சிருந்தேன்." சற்று யோசித்தாள். "மேடை எவ்வளவு வைக்கிறீங்க?"

"உன் முழங்கை உசரம்."

"போச்சு போங்க. அதுமேல அடுப்பு இருக்கு. அடுப்பு மேல சோத்துப் பான. பானைக்குள்ள கரண்டிய விட ஏணி போட்டு ஏறவா? ஒரு சாண் எறக்குங்க."

பாக்கியநாதன் சட்டைப் பையிலிருந்து கல்லூரிச் சாமான் சீட்டு ஒன்றை எடுத்தார். அதன் முதுகில் எழுதிக்கொண்டார். அவள் கட்டுப் போட்ட கண்ணோடு கூரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். மேடைக்குக் கீழே விறகுக்கு இடம் விடணும், அடுப்புச் சூட்டிலேயே ஈரம் காயும். சன்னலை எதுவும் மறைக்கக் கூடாது. புளி, உப்பு ஜாடி வலது பக்கம், கை நீட்டினால் கிடைக்கணும். கல்லுக்கு ஓரத்தில் ஒரு விரல் கரை வைக்கணும், கஞ்சி வடித்தால் காலில் கொட்டக் கூடாது. "கூரையில கண்ணாடி ஓடு ஒண்ணு போடுங்க. வெளிச்சம் நேரா பானைக்குள்ள விழணும். அரிசியில கல்லு கிடந்தா எனக்குத் தெரியணும்."

"இவ்வளவும் எப்ப யோசிச்சே?"

"யோசிக்க என்ன இருக்கு? தெனம் அங்கதானே உக்காந்திருக்கேன்."

ஐந்து நிமிஷம் அரை மணியாகியிருந்தது. நர்ஸ் மறுபடி வரவில்லை. சீட்டில் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தார்.

மருதை முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு சாண் இடித்தான். பவுனம்மாள் மட்டும், "அந்தம்மா சொன்னதுதாண்ணே சரி. நான் பானைய மறந்துட்டேன்" என்றாள். கரிச் சுவரைச் சுரண்டி மூன்று கை சுண்ணாம்பு அடித்தும் மஞ்சள் மஞ்சளாகக் கசிந்தது. நான்காவது கையில்தான் அடங்கியது. பரக்கத் அலியின் கல்லைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்ததில் டீக்கறை போய்க் கறுப்பு மினுங்கியது. உடைந்த மூலையை மருதை வாசலுக்கு எதிர்ப் பக்கமாகச் சுவரில் புதைத்துவிட்டான். புகைக்குப் பழைய மண் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டைத் தாண்டி ஏற்றினார்கள்.

முதல் தடவை பற்றவைத்தபோது எல்லோரும் கூடி நின்றார்கள். மேற்கே இருந்து ஆடிக்காற்று ஒரு வீச்சு வீசியது. போன புகை அத்தனையும் திரும்பி வந்து மூன்று பேரையும் இருமவைத்து வெளியே துரத்தியது. பாக்கியநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வர இரண்டே நாள்.

"குழாய் தலை கூரை முகட்டுக்குக் கீழ நிக்குது" என்றார் கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு. "எங்க காலேஜ்ல மாடிக்கு மேல ஆள் உசரம் ஏத்தியிருப்பாங்க. அப்பதான் காத்து அதை உறிஞ்சும்." மருதை இன்னும் இரண்டு குழாயை ஏற்றினான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, காற்று அடிக்கும் பக்கம் மறைக்கிற மாதிரி ஒரு தொப்பியும் வைத்தான். மறுபடி பற்றவைத்தார்கள். புகை தயங்கியது, குழாய் வாயருகே ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு யாரோ மேலிருந்து இழுத்தாற்போல உள்ளே போயிற்று. பவுனம்மாள் சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். "ஒண்ணும் வாடையே இல்லைங்க" என்றாள், ஏதோ குறை சொல்வதுபோல.

திருநாளுக்கு முந்தின நாள் அற்புதம்மாள் வீட்டுக்கு வந்தாள். அதிராமல் மெல்ல ஓட்டச் சொல்லி டோரதி வழி நெடுகக் குதிரை வண்டிக்காரனைப் படுத்தியெடுத்திருந்தாள். இப்போதைக்கு என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தடித்த கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது. முகம் கழுவக்கூட நிற்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள்.

கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு கட்டி வெயில் கல்லின் மேல் விழுந்திருந்தது. அற்புதம்மாள் கையை வைத்துத் தடவினாள். கரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். வலது கையை நீட்டினாள், உப்பு ஜாடி கிடைத்தது. இல்லாத கரண்டியைப் பிடித்து இல்லாத பானையைக் கிண்டிப் பார்த்தாள். தோள் தூக்கவில்லை. பாக்கியநாதனும் டோரதியும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று வாசலில் காத்து நின்றார்கள்.

"சுண்ணாம்புக்கு நீலம் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டீங்க" என்றாள்.

டோரதி தலையில் அடித்துக்கொண்டாள். பாக்கியநாதன் மட்டும் சிரித்தார். அற்புதம்மாளுக்கு ஒரு இடம் பிடித்துப்போனால் முதலில் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாள் என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் டோரதி வீட்டுக்குப் போன பிறகு அற்புதம்மாள் பானையை எடுக்கப் போனாள். பாக்கியநாதன் வந்து வாங்கிக்கொண்டார்.

"டாக்டர் ஆறு வாரம் சொல்லியிருக்காரு."

"குனியத்தானே வேணாம்னாரு? இதுலதான் குனிய வேண்டாமே."

"ஆறு வாரம்னா ஆறு வாரம். ஸ்டூல்ல உக்காந்து சொல்லு, நான் செய்றேன்."

அவர் பருப்பைப் போட்டுக் கிண்டத் தொடங்கினார். நாலடி ஒன்பதரை அங்குலத்துக்குக் கட்டின மேடை அவர் தொடையைக்கூடத் தாண்டவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, காலை அகட்டி நின்று கிண்டினார். அற்புதம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் காய்ந்திருந்த கொப்புளத் தழும்புகள் கண்ணாடிக்குள் பெரிது பெரிதாகத் தெரிந்தன. எத்தனை என்று எண்ணிப் பார்த்தாள். கேட்கவில்லை.

"உங்களுக்கு உசரம் காணலையே" என்றாள். "இடுப்பு போயிடும்."

"போனா போவட்டும். ஆறு வாரந்தானே."

"ஒரு சாண் ஏத்திக் கட்டியிருக்கலாம்."

"அப்ப உனக்கு ஏணி வேணுமே."

உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தாழ்வாரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாசலுக்கு வந்தாள். இந்த நேரத்தில் அவள் ஒருநாளும் வெளியே நின்றதில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. வாழைக்கட்டு ஏற்றிய முசிறி வண்டி ஒன்று சந்து முனையில் போய்க்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். டின் தொப்பிக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு புகை எழும்பி, காற்றில் சாய்ந்து, அடுத்த வீட்டு ஓட்டைத் தாண்டி, அதற்கும் அடுத்த வீட்டைத் தாண்டிப் போனது. தன் வீட்டுப் புகை அவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைத்ததில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அது கரைகிற இடத்தைத் தேடினாள்.

"அற்புதம்!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "உப்பு எவ்வளவு போடணும்?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அற்புதம்!"

"வரேங்க, வரேன்" என்றாள் திரும்பி. "நான் வர்றதுக்குள்ள எதையும் போட்டுத் தொலைச்சிடாதீங்க."